விரலை ஆட்டினால் கிட்டார் ஸ்வரம் ஏன் நடுங்குகிறது?

எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒரு ஸ்வரத்தை மீட்டிவிட்டு, தந்தியை அழுத்திய விரலை லேசாக ஆட்டிப் பாருங்கள். ஸ்வரம் அலையும். எப்படி?

மொட்டைமாடித் துணிக்கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தால் கயிறு விறைக்கும், விட்டால் தளரும். தந்தியும் அப்படித்தான். விறைத்த தந்தி வேகமாக அதிரும், சுருதி ஏறும். தளர்ந்தால் இறங்கும். நொடிக்கு ஐந்தாறு முறை இப்படி நடந்தால் அதுதான் வைப்ரேட்டோ.

ஒன்றைக் கவனித்தீர்களா? கொடியை எந்தப் பக்கம் இழுத்தாலும் விறைக்கத்தான் செய்யும். அதாவது, சுருதி மூல ஸ்வரத்துக்குக் கீழே போகவே போகாது. எனவே விரல் ஒவ்வொரு முறையும் கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும். பாதியில் நின்றால் அபஸ்வரம். புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

விரலை மட்டும் ஆட்டினால் சீக்கிரம் வலிக்கும். ஆட்டம் மணிக்கட்டிலிருந்து வரட்டும். ஆள்காட்டி விரலின் அடிப்பக்கம் கிட்டாரின் கழுத்தில் ஊன்றியிருக்கட்டும். ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி. கிங்கின் பாணி வேறு: கட்டைவிரலை விலக்கிவிட்டு, கையையே படபடக்க விடுவார். உறவினர் புக்கா வைட்டின் ஸ்லைடு வாசிப்பு (தந்தியின் மேல் குழாயை வழுக்கி வாசிப்பது) தனக்குக் கைவராததால், அந்த ஒலியை விரலால் பிடிக்க முயன்றதாக அவரே சொல்லியிருக்கிறார்.

பழகும்போது மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, தட்டுக்கு இரண்டு ஆட்டம் என்று தொடங்குங்கள். டிஸ்டார்ஷன் வேண்டாம், அது பிசிறுகளை மறைத்துவிடும்.