பணி விலகலும் மிகையூதிய உரிமையும் (இந்தியா)

மிகையூதியம் அல்லது போனஸ் என்பது ஒரு நிறுவனம் தன் ஊழியர்களுக்கு மாத ஊதியத்திற்கு மேலாக, பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை வழங்கும் தொகை ஆகும். ஆண்டின் இடையிலோ, ஆண்டு முடிந்து தொகை வழங்கப்படுவதற்கு முன்போ ஓர் ஊழியர் பணியிலிருந்து விலகினால், அவர் உழைத்த காலத்திற்கான மிகையூதியம் அவருக்கு உரியதா என்பது அடிக்கடி எழும் வினா. இந்தியாவில் இதற்கான விடை, அத்தொகை சட்டப்படியானதா, ஒப்பந்தப்படியானதா, அல்லது நிறுவனம் தன் விருப்பப்படி அளிப்பதா என்பதைப் பொறுத்து வேறுபடும். சட்டப்படியான மிகையூதியம் பணி விலகுவதால் பறிபோவதில்லை. ஏனைய இரண்டும் அவற்றுக்குரிய நிபந்தனைகளைச் சார்ந்தவை.

வரலாறு

இந்தியாவில் மிகையூதியம் முதலாம் உலகப்போர்க் காலத்தில் பஞ்சாலைகளில் தோன்றியது. 1917இல் அகமதாபாத்தில் பிளேக் நோய் பரவியபோது தொழிலாளர்கள் நகரை விட்டு வெளியேறத் தொடங்கினர். அவர்களை நிறுத்தி வைக்க ஆலை உரிமையாளர்கள் 'பிளேக் போனஸ்' வழங்கினர். நோய் தணிந்ததும் 1918இல் அதை நிறுத்தியதால் வேலைநிறுத்தம் ஏற்பட்டது. தொழிலாளர்களுக்கு ஆதரவாகக் காந்தி உண்ணாநோன்பு இருந்தது இப்போராட்டத்தில்தான். ஆக, 'நீ போய்விடாதே' என்பதற்காகக் கொடுக்கப்படும் பணம் என்ற கருத்து மிகையூதியத்தின் தொடக்கத்திலேயே இருந்தது.

பின்னர் இக்கருத்து மாறியது. இலாபம் முதலாளியின் மூலதனத்தால் மட்டுமன்றித் தொழிலாளியின் உழைப்பாலும் உண்டாவது. ஆகவே அதில் அவருக்கும் பங்கு உண்டு என்ற நோக்கு வலுப்பெற்றது. 1950இல் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் பம்பாய் ஆலைகள் வழக்கில் மிகையூதியத்தைக் கணக்கிட ஒரு வாய்பாட்டை வகுத்தது. 1961இல் எம். ஆர். மெகர் தலைமையில் மிகையூதிய ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கையைத் தொடர்ந்து 1965இல் மிகையூதியம் வழங்கல் சட்டம் இயற்றப்பட்டது. தொடக்கத்தில் 4 விழுக்காடாக இருந்த குறைந்த அளவு பின்னர் 8.33 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. ஓர் ஆண்டில் 12 மாதங்கள் ஆகையால், 8.33 விழுக்காடு என்பது ஏறத்தாழ ஒரு மாத ஊதியத்திற்குச் சமம்.

1965ஆம் ஆண்டுச் சட்டம்

இச்சட்டம் தொழிற்சாலைகளுக்கும், 20 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் ஏனைய நிறுவனங்களுக்கும் பொருந்தியது. இதன் முதன்மைக் கூறுகள் பின்வருமாறு:

* தகுதி: ஒரு கணக்காண்டில் குறைந்தது 30 வேலை நாட்கள் பணிபுரிந்திருக்க வேண்டும் (பிரிவு 8).
* ஊதிய உச்சவரம்பு: 2015இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி மாதம் 21,000 ரூபாய். இத்திருத்தம் 2014 ஏப்ரல் 1 முதல் செல்லுபடியானது. அதற்கு முன் 2007ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இவ்வரம்பு 10,000 ரூபாயாக இருந்தது.
* குறைந்த அளவு: ஈட்டிய ஊதியத்தில் 8.33 விழுக்காடு. நிறுவனத்துக்கு இலாபம் இல்லாவிடினும் இது வழங்கப்பட வேண்டும். புதிய நிறுவனங்களுக்குத் தொடக்க ஆண்டுகளில் சலுகை உண்டு.
* மிகுந்த அளவு: 20 விழுக்காடு. பகிர்ந்தளிக்கத்தக்க உபரி போதிய அளவு இருந்தால் குறைந்த அளவுக்கு மேலும் வழங்க வேண்டும்.
* காலக்கெடு: கணக்காண்டு முடிந்த எட்டு மாதங்களுக்குள் (பிரிவு 19).

இங்கு 'ஊதியம்' என்பது அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் மட்டுமே. வீட்டு வாடகைப்படி போன்றவை சேரா. எனவே மொத்தமாக 35,000 ரூபாய் பெறும் ஒருவரின் அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் 18,000 ரூபாயாக இருந்தால் அவரும் தகுதியுடையவரே. தமக்கு இவ்வுரிமை இல்லை என்று பலர் தவறாக எண்ணுவதற்கு இது ஒரு காரணம்.

பணி விலகியவரின் நிலை

தகுதிக்கான பிரிவில் 30 நாட்கள் உழைப்பு மட்டுமே நிபந்தனை. மிகையூதியம் வழங்கப்படும் நாளில் பணியில் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் கூறப்படவில்லை.

தகுதியிழப்பைக் கூறும் பிரிவு 9 மூன்று காரணங்களுக்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டவர்களை மட்டுமே விலக்கியது:

* மோசடி
* நிறுவன வளாகத்தில் கலகம் அல்லது வன்முறை
* நிறுவனச் சொத்தைத் திருடுதல், கையாடுதல் அல்லது நாசப்படுத்துதல்

தாமாக விலகுதல் இப்பட்டியலில் இல்லை. மேலும், நிலுவைத் தொகையை மீட்பது பற்றிய பிரிவு 21இன் விளக்கம், 'ஊழியர்' என்ற சொல் மிகையூதியத்திற்கு உரிமை பெற்று, ஆனால் தற்போது பணியில் இல்லாதவரையும் குறிக்கும் என வெளிப்படையாகக் கூறியது. அதாவது, சட்டத்தை எழுதியவர்கள் விலகிச் சென்றவரையும் மனத்தில் கொண்டிருந்தனர்.

கணக்கிடும் முறை

ஊதியம் எவ்வளவாக இருப்பினும், கணக்கீட்டுக்கு மாதம் 7,000 ரூபாய் அல்லது அவ்வேலைக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம், இவற்றுள் எது அதிகமோ அதுவே 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி வரம்பாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

எடுத்துக்காட்டாக, மாதம் 15,000 ரூபாய் அடிப்படை ஊதியம் பெறும் ஒருவர் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதங்கள் பணியாற்றி விலகுகிறார் என்க. அவ்வேலைக்கான குறைந்தபட்ச ஊதியம் 12,000 ரூபாய் எனக் கொள்வோம்.

* கணக்கீட்டு ஊதியம்: 12,000 × 6 = 72,000 ரூபாய்
* 8.33 விழுக்காடு எனில்: ஏறத்தாழ 5,998 ரூபாய்
* 20 விழுக்காடு எனில்: 14,400 ரூபாய்

நிறுவனம் அவ்வாண்டுக்குச் சட்டப்படி 20 விழுக்காடு வழங்க வேண்டியிருந்தால், விலகியவருக்கும் அதே விழுக்காடு பொருந்தும். அவர் ஈட்டிய ஊதியம் குறைவு என்பதால் தொகை குறையுமே தவிர, விகிதம் குறையாது. ஆண்டு முடிந்த பின்னரே விகிதம் தெரியவரும் என்பதால், இறுதிக் கணக்குத் தீர்க்கும் நாளில் இத்தொகை கிடைக்காமல் பின்னர் வருவதும் உண்டு.

கருணைத் தொகை

சட்டம் கோரும் அளவுக்கு மேல் நிறுவனம் தானாக வழங்குவது கருணைத் தொகை எனப்படும். தமிழ்நாடு அரசு 2024 தீபாவளியை முன்னிட்டுப் பொதுத்துறை நிறுவனங்களின் சி, டி பிரிவு ஊழியர்களுக்கு 8.33 விழுக்காடு மிகையூதியமும் 11.67 விழுக்காடு கருணைத் தொகையும் சேர்த்து 20 விழுக்காடு அறிவித்தது. 7,000 ரூபாய் வரம்பின்படி முழு ஆண்டு பணியாற்றியவருக்கு இது 16,800 ரூபாய் ஆகும். பொதுவழக்கில் இரண்டும் 'தீபாவளி போனஸ்' என்றே அழைக்கப்பட்டாலும், சட்டத்தின் முன் இவை ஒன்றல்ல. கருணைத் தொகை விலகியவருக்குக் கிடைக்குமா என்பது அதை வழங்கும் ஆணையின் நிபந்தனைகளைப் பொறுத்தது.

ஒப்பந்தப்படியான மிகையூதியம்

உச்சவரம்புக்கு மேல் ஊதியம் பெறுவோருக்கு, குறிப்பாகத் தகவல் தொழில்நுட்பத் துறையில், பணி ஒப்பந்தமே அடிப்படை. செயல்திறன் சார் ஊதியத்திற்கு 'வழங்கும் நாளில் பணியில் இருக்க வேண்டும்' அல்லது 'விலகல் கடிதம் அளித்திருக்கக் கூடாது' என்ற நிபந்தனை பரவலாகக் காணப்படுகிறது. இத்தகைய நிபந்தனை இருந்தால் விலகுபவர் தொகையை இழக்க நேரிடலாம். நிபந்தனை ஏதுமின்றி ஒப்பந்தத்தில் உறுதியளிக்கப்பட்ட தொகையை, ஈட்டிய பின் மறுப்பது ஒப்பந்த மீறலாகும்.

சேரும்போது தரப்படும் தொகையும் தக்கவைப்புத் தொகையும் வேறு வகையின. குறித்த காலத்திற்கு முன் விலகினால் இவற்றைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தங்கள் கூறுவதுண்டு. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 74இன்படி, ஒப்பந்தத்தில் குறிக்கப்பட்ட தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டையே பெற முடியும். 2025இல் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுகளுக்குள் விலகினால் இரண்டு இலட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019

1965ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக இயற்றப்பட்ட ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. 30 நாள் தகுதி, 8.33 முதல் 20 விழுக்காடு வரையிலான அளவு, எட்டு மாதக் காலக்கெடு ஆகியவை இதிலும் தொடர்கின்றன. ஊதிய உச்சவரம்பை அரசு அறிவிக்கை மூலம் குறிக்கும். தகுதியிழப்புக் காரணங்களுடன் பாலியல் துன்புறுத்தலுக்கான தண்டனையும் சேர்க்கப்பட்டது; தாமாக விலகுதல் இதிலும் இடம்பெறவில்லை. படிகள் முதலிய விலக்குகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், மிகுதி ஊதியமாகவே கருதப்படும். மிகையூதிய உரிமையை ஊழியர் விட்டுக்கொடுப்பதாகச் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. எனவே இறுதிக் கணக்கின்போது 'இனி எனக்கு எதுவும் பாக்கி இல்லை' என்று கையொப்பமிட்டதால் மட்டும் சட்டப்படியான உரிமை அற்றுப்போகாது.

கோரும் முறை

பழைய சட்டத்தின்படி, வராத தொகைக்கு ஓராண்டுக்குள் அரசிடம் விண்ணப்பிக்கலாம். மாவட்ட ஆட்சியர் அதை நிலவரி நிலுவை போல் வசூலிப்பார். புதிய தொகுப்பின்படி உரிய அதிகாரியிடம் மூன்று ஆண்டுகளுக்குள் கோரிக்கை அளிக்கலாம். அவர் தொகையுடன் இழப்பீடும் வழங்க ஆணையிடலாம். ஊதியச் சீட்டுகள், விடுவிப்புக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை இதற்கு முதன்மைச் சான்றுகள். விலகும்போதே நடப்பில் உள்ள வங்கிக் கணக்கையும் முகவரியையும் நிறுவனத்திடம் எழுத்தில் அளித்து வைப்பது பயன்தரும்.

பிற நாடுகளில்

பிலிப்பீன்சில் 1975ஆம் ஆண்டு ஆணையின்படி வழங்கப்படும் பதின்மூன்றாம் மாத ஊதியம், ஆண்டின் இடையில் விலகியவருக்கும் பணியாற்றிய காலத்திற்கு ஏற்ப உண்டு. சிங்கப்பூரில் இதையொத்த ஆண்டு ஊதிய இணைப்பு சட்டத்தால் கட்டாயமாக்கப்படவில்லை. அங்கு ஒப்பந்தத்தில் உள்ளபடியே உரிமை அமைகிறது.