120 லீற்றர் தண்ணீர்

டயாலிசிஸ் இயந்திரத்தைப் பார்ப்பவரின் கண் இரத்தம் ஓடும் குழாயில்தான் போய் நிற்கும். ஆனால் அதன் உயிர் தண்ணீரில் இருக்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 500 மில்லிலீற்றர் என்றால், நான்கு மணி நேரத்துக்கு ஒரு நோயாளிக்கு 120 லீற்றர். வடிகட்டும்போது கழியும் நீரையும் சேர்த்தால் இன்னும் அதிகம். மெல்லிய சவ்வின் ஒருபுறம் இரத்தம், மறுபுறம் இந்த நீரில் கலந்த திரவம். செயலிழந்த சிறுநீரகம் அகற்றாத கழிவுகள் சவ்வைக் கடந்து திரவத்துக்குள் இறங்கிவிடும். சிக்கல் என்னவென்றால், திரவத்தில் இருப்பதும் அதே வழியாக இரத்தத்துக்குள் ஏறும். குடிநீரில் நமக்குத் தீங்கு செய்யாத குளோரமின், இங்கே சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோது மகாவலி கம்பளையிலும் பேராதனையிலும் கரைபுரண்டது. மண்சரிவில் வீதிகள் மூடின. கண்டியில் பல இடங்களில் குழாய்நீர் நின்றது. இப்படியான நேரத்தில் "ஜெனரேட்டர் இருக்கிறதா?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். என்னைக் கேட்டால், முதலில் தண்ணீர்த் தாங்கியைப் பார்க்க வேண்டும். பௌசரில் வரும் நீரிலும், வெள்ளத்துக்குப் பின் வரும் குழாய்நீரிலும் குளோரின் கூடுதலாக இருக்கலாம். குளோரினை நீக்கும் கரிவடிகட்டியைத் தாண்டி வந்த நீரைச் சோதிக்காமல் ஒருவரையும் இயந்திரத்தில் இணைக்கக்கூடாது.

மின்சாரத்தையும் அலட்சியம் செய்ய முடியாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததில் நாடே இருண்டது. மின்சாரம் போகும் நொடியில் சிகிச்சையில் இருப்பவரின் இரத்தத்தில் 200 மில்லிலீற்றருக்கு மேல் உடலுக்கு வெளியே இருக்கும். மின்கலம் சில நிமிடங்கள் தாங்கும்; அதுவும் போனால் தாதி கைப்பிடியால் பம்பைச் சுற்றி இரத்தத்தைத் திருப்பிச் செலுத்த வேண்டும். காற்றுக்குமிழி வருகிறதா என்று கண்ணால்தான் பார்க்க வேண்டியிருக்கும். கைப்பிடி எங்கே என்று இருட்டில் தேடுவது ஆபத்து.

2012இல் சாண்டி சூறாவளிக்கு முன்பே அமெரிக்காவில் பல டயாலிசிஸ் நிலையங்கள் நோயாளிகளை அழைத்து முன்கூட்டியே சிகிச்சையை முடித்தன. அப்படிச் சிகிச்சை பெற்றவர்களில் அவசரப் பிரிவுக்கு ஓடியவர்கள் குறைவு. மலைநாட்டில் இது எளிது: தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்ததுமே, மலைத் தோட்டங்களில் இருக்கும் நோயாளிகளுக்குத் தொலைபேசி எடுக்கலாம்.

வீதி மூடி டயாலிசிஸுக்குப் போக முடியாவிட்டால் சாப்பாடே மருந்து. வாழைப்பழம், இளநீர், உருளைக்கிழங்கில் உள்ள பொட்டாசியம் இதயத்தை நிறுத்தக்கூடும். நிவாரண முகாமில் கிடைக்கும் டின்மீனும் நூடில்ஸும் உப்பு. உப்பு தாகத்தைக் கூட்டும், குடித்த நீர் வெளியேற வழியில்லை. சட்டைப்பையில் ஒரு காகிதமும் வேண்டும்: மருந்துகள், நீர் இறங்கியபின் உள்ள எடை, ஹெப்படைட்டிஸ் பி பரிசோதனை முடிவு. அந்தத் தொற்று உள்ளவருக்குத் தனி இயந்திரம் ஒதுக்குவதால், முடிவு தெரியாமல் அயல் வைத்தியசாலையில் இடம் கிடைப்பது சிரமம்.