வராத விருந்தாளி

வீட்டுக்கு விருந்தாளி வருவதாகச் சேதி வருகிறது. வீட்டைக் கழுவி வைக்கிறோம். சோறு ஆக்கி வைக்கிறோம். வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறோம். பொழுது சாய்கிறது. விருந்தாளி வரவில்லை. நம் மனம் எப்படி இருக்கும்?

ஒரு பறவைக்காக இப்படிக் காத்திருந்து ஏமாந்தவர்கள் பலர். அவர்கள் காத்திருந்த ஊர் பரத்பூர்.

பரத்பூர் ராஜஸ்தான் மாநிலத்தில் உள்ளது. அங்கே கேவலாதேவ் தேசியப் பூங்கா இருக்கிறது. பரப்பு சுமார் 29 சதுர கிலோமீட்டர். ஒரு காலத்தில் மன்னர்கள் அங்கே வாத்து வேட்டை ஆடினார்கள். இன்று அது பறவைகளின் புகலிடம்.

விருந்தாளி யார்?

விருந்தாளியின் பெயர் சைபீரியக் கொக்கு. இது வயலில் நாம் பார்க்கும் சிறிய கொக்கு அல்ல. இதன் உயரம் ஏறக்குறைய நாலரை அடி. உடல் வெள்ளை. முகம் சிவப்பு. சிறகின் நுனி கறுப்பு. அந்தக் கறுப்பு பறக்கும்போதுதான் நன்றாகத் தெரியும்.

இதன் சொந்த ஊர் ரஷ்யாவில் உள்ள சைபீரியா. குளிர்காலத்தில் அங்கே தண்ணீர் உறைந்துவிடும். இரை கிடைக்காது. அதனால் கொக்குகள் தெற்கே கிளம்பும். கஜகஸ்தான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக 5,000 கிலோமீட்டருக்கும் மேல் பறந்து பரத்பூர் வரும். ஆழமில்லாத தண்ணீரில் நின்று, சேற்றிலுள்ள கிழங்குகளைத் தோண்டித் தின்னும்.

காத்திருந்த கண்கள்

இதைப் பார்க்க வருபவர்கள் விடியும் முன்பே எழுவார்கள். பல் கிட்டும் குளிர். எதிரே இருப்பது தெரியாத மூடுபனி. அங்கே சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுபவர்கள் பறவைகளை நன்கு அறிந்தவர்கள். அவர்களே வழிகாட்டிகள்.

தூரத்தில் வெள்ளையாக ஏதோ தெரியும். மனம் துள்ளும். பனி விலகும். பார்த்தால் சாதாரண வெள்ளைக் கொக்கு! வேறு பக்கம் சிவந்த தலையுடன் ஓர் உயரமான பறவை நிற்கும். ஆனால் உடல் சாம்பல் நிறம். அது நம் நாட்டிலேயே வாழும் சாரஸ் கொக்கு. இப்படியே பொழுது போகும். "நாளைக்குப் பார்ப்போம்" என்று திரும்புவார்கள்.

1960களில் சுமார் 200 சைபீரியக் கொக்குகள் அங்கே வந்தன. பிறகு ஆண்டுக்கு ஆண்டு குறைந்தன. 1993ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒன்றுகூட வரவில்லை. சில ஆண்டுகள் கழித்து ஒருசில கொக்குகள் திரும்பி வந்தன. எல்லோருக்கும் மகிழ்ச்சி. அது நீடிக்கவில்லை. 2001-2002 குளிர்காலத்தில் ஒரே ஒரு ஜோடி வந்தது. அதன்பின் பரத்பூருக்கு அவை வரவே இல்லை.

ஏன் வரவில்லை?

நீண்ட வழியில் பல கொக்குகள் வேட்டைக்குப் பலியாயின. தங்கி இளைப்பாறும் ஏரிகளும் கெட்டன. இந்தக் கொக்கு இரண்டு முட்டை இடும். பெரும்பாலும் ஒரு குஞ்சுதான் பிழைக்கும். அதனால் இழப்பை எளிதில் ஈடுகட்ட முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. குஞ்சு தாய் தந்தையுடன் பறந்துதான் வழியைக் கற்கிறது. வழி தெரிந்த பெரிய பறவைகள் மடிந்தால், சொல்லித்தர யாரும் இல்லை. மனிதர் வளர்த்த இளம் கொக்குகளை 1990களில் பரத்பூரில் விட்டுப் பார்த்தார்கள். காட்டுக் கொக்குகளுடன் சேர்ந்து வழி கற்கும் என்று நம்பினார்கள். அந்த முயற்சி பலிக்கவில்லை.

சைபீரியக் கொக்கு அடியோடு அழிந்துவிடவில்லை. கிழக்குச் சைபீரியாவிலிருந்து சீனாவின் போயாங் ஏரிக்கு ஆயிரக்கணக்கில் செல்கின்றன. இந்தியாவுக்கு வரும் வழிதான் மறந்துபோயிற்று.

பரத்பூரில் இன்றும் வேறு பல பறவைகள் குளிர்காலத்தில் வந்து தங்குகின்றன. தண்ணீரும் இரையும் அமைதியும் இருந்தால்தான் அவையும் வரும்.

உங்கள் ஊர்க் குளத்துக்கு எந்தப் பறவைகள் வருகின்றன? முன்பு வந்து, இப்போது வராத பறவை எது? வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அதன் பெயரை எழுதி வையுங்கள்.