வாக்குரிமைக்குப் பின்னும் தொடர்ந்த போராட்டம்: திருவிதாங்கூரின் அன்னா சாண்டி

திருவனந்தபுரம்: பெண்களின் வாக்குரிமைப் போராட்டம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 2015-இல் வெளியான ‘சஃப்ரஜெட்’ திரைப்படம். லண்டன் சலவைத் தொழிலாளிப் பெண் ஒருத்தி போராட்டக்காரியாக மாறும் கதை அது. பிரிட்டனில் ஆண்களுக்கு இணையான வாக்குரிமை பெண்களுக்கு 1928-இல்தான் கிடைத்தது.

திருவிதாங்கூர் சமஸ்தானமோ 1920-லேயே பெண்களை வாக்காளர்களாக ஏற்றது. சென்னை மாகாணம் 1921-இல் பின்தொடர்ந்தது. ஆயினும் சொத்து, வரி அடிப்படையிலேயே வாக்கு வழங்கப்பட்டதால், தம் பெயரில் சொத்தில்லாத பெண்களுக்கு அது எட்டாக்கனியாகவே இருந்தது.

திரைக்கதைக்கு உரிய பகுதி அதன்பின்தான் வருகிறது. திருவனந்தபுரத்தில் பிறந்த வழக்கறிஞர் அன்னா சாண்டி, 1930-இல் ‘ஸ்ரீமதி’ என்ற பெண்கள் இதழைத் தொடங்கினார். ஸ்ரீமூலம் பிரஜா சபைத் தேர்தலில் அவர் போட்டியிட்டபோது, எதிர் வேட்பாளர்களோடு செய்தித்தாள்களும் சேர்ந்து அவரை எதிர்த்தன. எனினும் வென்று, 1932 முதல் 1934 வரை உறுப்பினராக இருந்தார். அரசுப் பணிகளில் பெண்களுக்கு இடம் கோரிய அவர், சலுகையை நாடியவர் அல்லர். பெண் குற்றவாளிகளுக்குத் தூக்குத் தண்டனையிலிருந்து தரப்பட்ட விலக்கையே அவர் கேள்விக்கு உள்ளாக்கினார் என்பது இன்றைய வாசகரைத் திகைக்க வைக்கலாம்.

1937-இல் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் அவரை முன்சீப்பாக நியமித்தார். 1959-இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானார்; இந்தியாவில் உயர் நீதிமன்ற நீதிபதிப் பொறுப்பேற்ற முதல் பெண் அவரே.