காதல் எழுதி ஃபீஸ் கட்டிய டாக்டர்!

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் பஸ். ஜன்னலோரத்தில் ஒரு காலேஜ் பெண், மடியில் ரமணிசந்திரன் நாவல். கண்டக்டர் மூன்று தடவை 'டிக்கெட்... டிக்கெட்...' என்று கத்தியும் காதில் ஏறவில்லை. கதாநாயகன் அப்போதுதான் முறைத்துக்கொண்டு உள்ளே நுழைந்திருப்பான் போலிருக்கிறது! பக்கத்தில் இறால் கூடையோடு அவள் அம்மா.

"பாருங்க சார்... பரீட்சை ஃபீஸ் கட்டணும்னு காலையிலேர்ந்து உயிரை வாங்குறா. ஏரியில ஒண்ணும் படலை, கையில காசு இல்லை. இதுல இவளுக்குக் கதை ஒரு கேடு! கதை படிச்சா ஃபீஸ் கட்ட முடியுமா?"

"சும்மா இரும்மா" என்றாள் பெண், தலையை நிமிர்த்தாமலே.

படித்தால் கட்ட முடியாதுதான். ஆனால் எழுதிக் கட்டியிருக்கிறார் ஒரு பெண். அதுவும் டாக்டர் படிப்புக்கு! பொன்னேரி வருவதற்குள் அந்த அம்மாவிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. மிச்சத்தையும் சேர்த்து உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

ரமணிசந்திரன் வருவதற்கு முப்பது வருஷத்துக்கு முன்பே, கல்யாண வயசுப் பெண்கள் தலையணைக்கடியில் ஒளித்துவைத்துப் படித்த பெயர் 'லக்ஷ்மி'. சொந்தப் பெயர் திரிபுரசுந்தரி. பிறந்தது 1921-ல். திருச்சிப் பக்கம் தொட்டியத்தில் வளர்ந்தவர். அப்பா டாக்டர். மகளுக்கும் அதே ஆசை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தாயிற்று. எல்லாம் சுபம் என்று நினைக்கும்போது, எங்கோ ஐரோப்பாவில் ஹிட்லர் ஆரம்பித்த சண்டை தொட்டியத்துப் பெண்ணின் ஃபீஸில் கை வைத்தது! போர்க்கால நெருக்கடியில் அப்பாவால் பணம் அனுப்ப முடியவில்லை.

அந்தக் காலத்தில் இப்படி ஒரு நிலைமை வந்தால் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? 'படிச்சது போதும், வரன் பார்க்கலாம்' என்பார்கள். திரிபுரசுந்தரி நேராக 'ஆனந்த விகடன்' அதிபர் எஸ்.எஸ். வாசனைப் போய்ப் பார்த்தார். நன்கொடை கேட்கவில்லை. 'கதை எழுதித் தருகிறேன், கிடைக்கிற பணத்தில் படிப்பை முடித்துக் கொள்கிறேன்' என்பதுதான் விண்ணப்பம். வாசன் வியாபாரக் கணக்கு தெரிந்தவர். சரி என்றார். பி.காம். படித்த மூளைக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கிறது. ஒரு பக்கம் பெண் வாசகர்களைத் தேடும் பத்திரிகை, இன்னொரு பக்கம் ஃபீஸ் தேடும் மாணவி. இரண்டு பேருக்கும் லாபம், யாருக்கும் கடன் இல்லை!

'தகுந்த தண்டனையா?' என்ற சிறுகதையில் ஆரம்பித்தது. அப்புறம் 'பவானி' என்ற தொடர்கதை. பகலில் உடற்கூறு, ராத்திரியில் காதல்! காலையில் இதயத்தின் நான்கு அறைகளையும் அறுத்துப் பார்த்துவிட்டு, மாலையில் 'அவள் இதயம் படபடத்தது' என்று எழுத எத்தனை மன உறுதி வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் மாதிரி ஊர்களில், ஏரியின் எந்த இடத்தில் யார், என்றைக்கு வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை பிரித்துக்கொள்வார்கள். நம்ம முறை வருகிற அன்றைக்கு உடம்பு சரியில்லை, மனசு சரியில்லை என்று வீட்டில் படுத்திருக்க முடியாது. தொடர்கதைக்காரர் பிழைப்பும் கிட்டத்தட்ட இதேதான். வாரா வாரம் அத்தியாயம் போய்ச் சேர்ந்தாக வேண்டும். பரீட்சை இருக்கிறதே என்றால் அச்சு இயந்திரத்துக்குத் தெரியுமா? லக்ஷ்மியின் முறை தவறினால் இங்கே காலேஜ் பாக்கி நிற்கும். எப்படியோ டாக்டர் பட்டத்தையும் வாங்கிவிட்டார், புகழையும் வாங்கிவிட்டார்.

அவர் கதைகளில் அப்படி என்னதான் இருந்தது? காதல்தான். ஆனால் மரத்தைச் சுற்றும் காதல் இல்லை. படித்த பெண், வேலைக்குப் போகிற பெண், பணக்கார வீட்டுப் பிள்ளையைப் பார்த்துப் பல்லைக் காட்டாத பெண் என்று கதாநாயகிகள் வருவார்கள். 'பெண்மனம்' நாவல்தான் 1963-ல் 'இருவர் உள்ளம்' என்று சினிமாவாக வந்தது. எல்.வி. பிரசாத் டைரக்‌ஷன், கலைஞர் கருணாநிதி வசனம், சிவாஜி - சரோஜாதேவி ஜோடி. பெண்கள் விஷயத்தில் கெட்ட பெயர் எடுத்த ஒரு பணக்கார வாலிபன், தன்னைப் பிடிக்காத டீச்சரம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டு, அவள் மதிப்பைப் பெறுவதற்குப் படாத பாடு படுகிறான். தாலி கட்டியதும் காதலும் தானாக வந்துவிடும் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், 'தாலி ஏறிடுச்சு, ஆனா மனசு இன்னும் வரலை' என்று ஒரு கதாநாயகி நிற்பது சாதாரண விஷயமா? அதற்கும் முன்னால், 1952-லேயே, 'காஞ்சனையின் கனவு' கோவை பட்சிராஜா தயாரிப்பில் 'காஞ்சனா'வாக வந்துவிட்டது.

குறையே இல்லையா என்றால், உண்டு. தற்செயல் சந்திப்புகள் கொஞ்சம் அதிகம். நல்லவர்கள் ரொம்ப நல்லவர்கள். 'குடும்பக் கதை' என்று இலக்கியவாதிகள் உதட்டைப் பிதுக்கினார்கள். பெண்கள் படிப்பது என்றாலே இரண்டாம் தரம் என்று நினைக்கிற வியாதிக்கு ஸ்டான்லியிலும் மருந்து இல்லை!

அவர் சொந்தக் கதையில் அடுத்த திருப்பம், அவரே எழுதியிருந்தால் எடிட்டர் நம்பியிருக்க மாட்டார். 1955-ல் தென்னாப்பிரிக்கத் தமிழர் கண்ணபிரானை மணந்து கடல் கடந்து போய்விட்டார். போன காலத்தைக் கவனியுங்கள். 1946-லேயே இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வியாபாரத்தை முறித்துக்கொண்டிருந்தது. அங்கே 1950-ல் வந்த சட்டப்படி, எந்த நிறத்தவர் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்பதைக்கூட சர்க்கார்தான் தீர்மானிக்கும். சென்னைத் துறைமுகத்திலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் கரும்புத் தோட்டக் கூலிகளாக 1860-ல் போய் இறங்கியவர்களின் வம்சம், அந்தத் தெருக்களில்தான் தமிழைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அந்த மண்ணில் டாக்டரம்மாவாக 22 வருஷங்கள். 1977-ல் தாயகம் திரும்பினார்.

ஐம்பத்தாறு வயசு. 'போதும், ரிட்டையர் ஆகலாம்' என்றா இருந்தார்? பேனாவைத் தூசி தட்டி எடுத்தார். பத்திரிகைகளில் மறுபடி தொடர்கதைகள். முன்பு அவரை ஒளித்துப் படித்த பெண்களெல்லாம் இப்போது அம்மாக்கள். தங்கள் பெண்களை ஒளிக்கவிடாமல், பத்திரிகையைப் பிடுங்கி முதலில் தாங்கள் படித்தார்கள்! மொத்தத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள். நடுவில் பெண்களுக்கான மருத்துவப் புத்தகங்கள் வேறு. தென்னாப்பிரிக்க இந்தியர்களின் வாழ்க்கையைத் தொட்டு எழுதிய 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு 1984-ல் சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது. உதட்டைப் பிதுக்கியவர்கள் அன்றைக்கு என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசை.

1987 ஜனவரியில் காலமானார். 'கதாசிரியையின் கதை' என்று சுயசரிதையும் எழுதி வைத்துவிட்டுத்தான் போனார்.

பழைய புத்தகக் கடையில் அவர் நாவலைத் தேடினால், அச்சுப் புத்தகத்துக்குப் பதில் சில சமயம் வேறொன்று கிடைக்கும். பத்திரிகையிலிருந்து வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, காலிகோ அட்டை போட்ட தொடர்கதை. ஓரத்தில் தலைவலித் தைல விளம்பரம், நடுவே பாதி ஜோக், முதல் பக்கத்தில் யாரோ ஒரு பெண்ணின் கையெழுத்து: 'படித்துவிட்டுத் திருப்பித் தரவும்.'