இசைத்தட்டு மறுபதிப்பும் வரலாற்று ஆக்கமும்: டெல்ற்றா புளூஸ் பற்றிய ஒரு நோக்கு

மிசிசிப்பி மாநிலத்தின் வடமேற்கில், மிசிசிப்பி, யாஸூ ஆகிய இரு நதிகளுக்கிடைப்பட்ட வண்டற் சமவெளியே ‘டெல்ற்றா’ என வழங்கப்படுகிறது. 1865இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும், இப்பிரதேசத்துப் பருத்திப் பெருந்தோட்டங்களில் கறுப்பின மக்கள் வாரக்குடிகளாகவும் கடனாளிகளாகவும் கட்டுண்டு கிடந்தனர். அவ்வாழ்விலிருந்து முகிழ்த்த இசைவடிவமே டெல்ற்றா புளூஸ். இன்று அதனை நாம் கேட்பது பெரும்பாலும் மறுபதிப்புகள் வாயிலாகவேயாகும். இம்மறுபதிப்புகள் பழம்பொருளைப் பேணியதோடு அமைந்தனவா, அன்றி ஒரு வரலாற்றையே ஆக்கித் தந்தனவா என்பதே ஈண்டு எழும் வினா.

முதலில் மூலத்தட்டுகள் தோன்றிய சூழலை நோக்குவோம். 1920இல் மாமி சிமித் என்னும் கறுப்பினப் பாடகியின் தட்டு பெருமளவில் விற்பனையானதைத் தொடர்ந்து, கம்பனிகள் அம்மக்களை ஒரு சந்தையாகக் கண்டுகொண்டன. அவர்களுக்கென வெளியிடப்பட்டவை ‘இனத் தட்டுகள்’ எனப் பிரித்து வைக்கப்பட்டன. இவற்றுள் முக்கியமான பரமவுண்ற் முத்திரையின் உரிமையாளர், விஸ்கொன்சின் மாநிலத்துக் கதிரைக் கம்பனியொன்று என்பது மனங்கொள்ளத்தக்கது. இசைப்பெட்டிகளுக்கான மரக்கூடுகளைச் செய்து வந்த அந்நிறுவனத்துக்கு இசைத்தட்டும் ஒரு பண்டமே. சாளி பற்றன் 1929இலும், சன் ஹவுஸ் 1930இலும், ஸ்கிப் ஜேம்ஸ் 1931இலும் அம்முத்திரைக்காக முதன்முதலிற் பாடினர். பொருளாதாரப் பெருமந்தம் சந்தையைச் சிதைக்கவே 1932இல் ஒலிப்பதிவு நின்றது. உலோக மூலஅச்சுகள் பின்னர் பழைய இரும்போடு இரும்பாக விலைபோயின. எஞ்சியவை, வாங்கிய குடும்பங்களின் வீடுகளிலே தேய்ந்து கிடந்த அரக்குத் தட்டுகள் மட்டுமே.

அவற்றை வீடு வீடாகத் தேடி மீட்டவர்கள் சேகரிப்பாளர்களே. 1960இல் ஒறிஜின் ஜாஸ் லைப்ரறி என்னும் சிறு வெளியீட்டகம் தனது முதல் நீளிசைத்தட்டைப் பற்றனுக்கு ஒதுக்கியது. மறு ஆண்டு கொலம்பியா நிறுவனம் றொபேட் ஜோன்சனின் 16 பதிவுகளைத் தொகுத்து, அவரை டெல்ற்றா புளூஸ் பாடகரின் அரசர் எனத் தலைப்பிலேயே முடிசூட்டியது. கம்பனி அழிய விட்டதைத் தனிமனிதர் காத்தனர் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் காத்தவர் யாவர்? பெரும்பாலும் நகரங்களைச் சேர்ந்த, மத்தியதர வர்க்கத்து வெள்ளையின இளைஞர். அவர்களது சுவைக்கும், அத்தட்டுகளை முதலில் விலைகொடுத்து வாங்கிய கறுப்பின மக்களின் சுவைக்குமிடையே பெரும் இடைவெளி இருந்தது. 1930களில் அம்மக்களிடையே பெரும்புகழ் பெற்றிருந்தவர்களுள் ஒருவர், பியானோ இசைத்துப் பாடிய லீறோய் கார். அவருடைய தட்டுகள் மிகுதியாக விற்பனையாயின. எனவே எளிதிற் கிடைத்தன. ஸ்கிப் ஜேம்ஸின் தட்டுகளோ விலைபோகவில்லை, எனவே அரியனவாயின. அருமை என்பது சேகரிப்பாளரிடத்தே மதிப்பாகவும், மதிப்பு கலைச்சிறப்பாகவும் உருமாறிற்று. ஊர்மக்கள் ஆடுவதற்கும் பொழுதுபோக்குவதற்கும் வாசித்த தொழில்முறைக் கலைஞர், தனிமையில் வாடும் மர்ம மனிதராக்கப்பட்டனர். 1961இன் அட்டையில் ஜோன்சனுக்கு முகமே இல்லை. மேலிருந்து நோக்கிய ஓவியமொன்றே இடம்பெற்றது. அவருடைய நிழற்படம் அச்சேறியது 1986இலேயாகும். அதற்கிடையில் அவர் நாற்சந்தியிற் சாத்தானுக்கு ஆன்மாவை விற்றார் என்ற கதை வேரூன்றிவிட்டது.

தொழில்நுட்ப நிலையிலும் மறுபதிப்பு நடுநிலையானதன்று. பழைய தட்டுகள் நிமிடத்துக்கு 78 சுற்று எனக் கூறப்படினும், பதிவின்போதான வேகம் எப்பொழுதும் அவ்வாறே இருந்ததில்லை. வேகத்தைச் சிறிது கூட்டினால் சுருதி உயரும், தாளம் விரையும். பாடகரின் குரலே வேறாகும். தேய்மானத்தின் இரைச்சலை நீக்க முற்பட்டால் குரலின் நுண்மையும் உடன் நீங்கும். ஆகவே ஒவ்வொரு மறுபதிப்பும், சிதைந்த பிரதியொன்றிலிருந்து பதிப்பாசிரியர் தெரிந்துகொண்ட பாடமே எனலாம்.

உரிமை பற்றிய வினா இன்னும் கூர்மையானது. மறுபதிப்புகள் எழுப்பிய ஆர்வத்தினாலேயே 1964இல் சன் ஹவுஸ் றொச்செஸ்ரர் நகரிலும், ஸ்கிப் ஜேம்ஸ் ரூனிக்கா மருத்துவமனையிலும் கண்டுபிடிக்கப்பட்டு மீண்டும் மேடையேறினர். பற்றனும் ஜோன்சனும் அதற்கு முன்பே, 1930களில் மறைந்துவிட்டனர். 1990இல் வெளிவந்த ஜோன்சனின் முழுத்தொகுப்பு பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையாகியது. பாரவண்டிச் சாரதியான அவருடைய மகன் வாரிசென நீதிமன்றங்களில் நிலைநாட்டப்பட்டது 1998இலும் 2000இலுமேயாகும். 2018இன் அமெரிக்கச் சட்டப்படி, பற்றனின் 1929ஆம் ஆண்டு வெளியீடுகள் பொதுவுடைமையாவது 2030இன் தொடக்கத்தில். பாடியவர் இறந்து ஒரு நூற்றாண்டு நெருங்கும்போதும் அவ்வொலி ஒரு சொத்தாகவே உள்ளது.

2013இல் ஜக் வைற்றின் தேட் மான் நிறுவனம் பற்றனின் பதிவுகளை மீண்டும் வைனில் தட்டுகளாக வெளியிட்டது. சேகரிப்போர் தொகையும் பெருகியுள்ளது. இவற்றை வாங்க வேண்டாமென்பது நமது கருத்தன்று. ஆனால் தட்டைக் கேட்கும்போது, இது எப்பிரதியிலிருந்து பெறப்பட்டது, எவ்வேகத்தில் ஓட்டப்பட்டது, எவரது தெரிவு, எவருக்குப் பணம் என்ற வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். லீறோய் காரின் தட்டொன்றையும் அருகில் வைத்துக் கேட்போமாயின், அம்மக்கள் தாமே விரும்பிக் கேட்ட இசைக்கும், பின்வந்தோர் அவர்களுக்கென வகுத்த வரலாற்றுக்குமிடையேயுள்ள தூரம் நமக்குப் புலனாகும்.