கல்லடித்துச் சுடும் துப்பாக்கி

திண்டுக்கல் மாவட்டத்துத் தொப்பம்பட்டியிலிருந்து விருப்பாச்சி அதிகத் தூரமில்லை. அங்கே பாளையக்காரராக இருந்த கோபால நாயக்கரைக் கும்பெனியார் 1801ல் தூக்கிலிட்டார்கள். அந்தக் காலத்துச் சண்டைகளில் பாளையத்து வீரர்களிடம் ஈட்டியும் திரித்துப்பாக்கியும்தான் அதிகம். கும்பெனிச் சிப்பாயிடம் இருந்தது கல் துப்பாக்கி. கனலும் திரியை அணையாமல் காக்கும் வேலை அதில் இல்லை. இருட்டில் திரியின் கங்கு ஆளைக் காட்டிக்கொடுக்காது என்பது வேட்டைக்காரருக்கு இன்னும் பெரிய லாபம்.

மருந்தையும் குண்டையும் குழல் வாய் வழியே போட்டு, நீளக் கம்பியால் இடித்து இறக்க வேண்டும். பக்கவாட்டில் இருப்பது குதிரை. அதன் வாயில் தோல் துண்டு சுற்றிய சிக்கிமுக்கிக் கல். விசையை இழுத்ததும் குதிரை பாய்ந்து, எதிரே நிமிர்ந்து நிற்கும் எஃகுத் தகட்டை உரசிக்கொண்டு இறங்கும். கல் சீவித் தள்ளும் எஃகுத் துகள்தான் எரிந்து பொறியாகிறது. அதே அடியில் தகடு மடங்கி, கீழே கிண்ணத்தில் இருக்கும் மருந்து திறந்துகொள்ளும். அது பற்றியதும், பற்றுவாய் எனப்படும் சிறு துளை வழியே நெருப்பு குழலுக்குள் போகும். சில சமயம் கிண்ணத்து மருந்து மட்டும் புஸ்ஸென்று எரிந்து அடங்கிவிடும். மான் நிமிர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டு ஓடிவிடும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1974 முதல், கிறிஸ்துமஸ் கழிந்ததும் கல் துப்பாக்கிக்கென்றே தனியாக மான் வேட்டைப் பருவம் விடுகிறார்கள். அங்கே வாங்கப் போகிறவர் பித்தளைப் பூவேலையில் மயங்காமல் முதலில் குதிரையையும் தகட்டையும் பார்ப்பது நல்லது. தகட்டில் பதம் குறைந்தால் கல் குழி பறிக்கும், மிஞ்சினால் வழுக்கும். இரண்டிலும் பொறி வராது. பற்றுவாய் கிண்ணத்தின் அடிமட்டத்தில் இருந்தால் மருந்துக்குள் புதைந்துபோய், நெருப்பு மெல்லத்தான் உள்ளே சேரும். அதற்குள் சுடுகிறவர் கை அசைந்துவிடும். காலித் துப்பாக்கியில் குதிரையைப் பாதி தூக்கி நிறுத்தி விசையை அழுத்திப் பாருங்கள். நழுவினால் அது வேண்டவே வேண்டாம்.

அடுத்தது குழல். கும்பெனிப் படையின் பிரௌன் பெஸ் துப்பாக்கிக்குக் குழல் முக்கால் அங்குலம், உள்ளே மழமழப்பு. குண்டு அதைவிடச் சிறியது என்பதால் சட்டென்று இறங்கும். ஆனால் தட்டுத்தடுமாறித்தான் வெளியேறும். 100 கஜத்துக்கு அப்பால் ஒற்றை ஆளைக் குறிவைப்பது வீண். கூட்டத்தைப் பார்த்துச் சுடும் படைக்கு அது போதும். ஒரே குண்டோடு மானுக்குக் காத்திருப்பவருக்கு உள்ளே சுருள் பள்ளம் வெட்டிய குழல் வேண்டும். எண்ணெய்த் துணியில் பொதிந்த குண்டு பள்ளத்தைப் பற்றிச் சுழன்று நேரே போகும். இடித்து இறக்கத்தான் நேரம் பிடிக்கும். ரவை போட்டுப் பறவை சுட மழமழக் குழலே சரி.

நம் ஊரில் இந்தத் தேர்வுக்கு இடமில்லை. 1972ன் வனவிலங்குச் சட்டம் வேட்டையைத் தடை செய்துவிட்டது. துப்பாக்கிக்கு 1959ன் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். மக்காச்சோளக் காட்டைப் பன்றி உழுதுபோட்டாலும் விவசாயி சுட முடியாது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுட 2025 ஜனவரியில் தமிழக அரசு ஆணையிட்டது. அந்த வேலையும் பயிற்சி பெற்ற வனத்துறையினருக்குத்தான்.